கூட்டி வைத்த தெருவைக் கூட்டிய வாரம்

எங்கள் ஹைஸ்கூலில் வருஷத்துக்கு ஒரு தடவை 'சேவை வாரம்' என்று ஒன்று வரும். தை அறுவடை முடிந்து, பரீட்சைக்குப் படிக்க உட்காருவதற்கு முன்னால் ஆறு நாள். ஆறு நாளும் பாடம் கிடையாது என்பதால் பையன்களுக்குக் கொண்டாட்டம். வாத்தியார்களுக்கு மட்டும் மேலதிகாரி வருவாரே என்ற கிலி. நான் நாலாவது பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்தபோது வந்த சேவை வாரத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். இத்தனை வயசுக்குப் பிறகும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

பள்ளிக்கூடம் நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற பஸ் சாலையில் இருந்தது. நாங்கள் இருந்தது அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி, ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம். எங்கள் குடியிருப்பை வளவு என்பார்கள். முப்பது குடிசை, ஒரே தெரு. ஊர்க்காரர்களின் காடு கழனியில் கூலிவேலை செய்கிற, ஊர்க்காரர்கள் தொடமாட்டாத ஜனங்கள் நாங்கள். அந்த வளவிலிருந்து ஹைஸ்கூல் வரைக்கும் போனது நான் ஒருவன்தான். வகுப்பில் கடைசி பெஞ்சு முழுக்க எனக்கே சொந்தம். ஜமீன்தார் மாதிரி தனியாக உட்கார்ந்திருப்பேன். தாகம் எடுத்தால் பியூன் எட்ட நின்று சொம்பைச் சாய்த்து என் கையில் ஊற்றுவான். பாதி கையில் விழும், பாதி சட்டையில் விழும்.

எங்களைப் போன்ற ஜனங்களுக்கு லேபர் இலாகா கொடுத்த உதவிச் சம்பளத்தில்தான் என் படிப்பு ஓடியது. அது நிற்காமல் வரவேண்டுமானால் வருஷா வருஷம் ஹெட்மாஸ்டர் ஒரு காகிதத்தில், 'இம்மாணவன் நன்னடத்தையும் கீழ்ப்படிதலும் உள்ளவன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சேவை வாரம் முடிந்த மறுவாரம் அந்தக் காகிதம் போகும். கையெழுத்து விழாவிட்டால் என் படிப்பு அன்றோடு சரி. பண்ணாடியின் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டியதுதான். நிலத்துக்காரரை நாங்கள் பண்ணாடி என்றுதான் சொல்வோம். அப்பா அவருடைய கிணற்றில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கிணற்றைக் கண்டாலே பயம்.

அந்த வருஷம் சேவை வாரத்தை நடத்தும் பொறுப்பு டிரில் மாஸ்டருடையது. அவர் சேலம் டவுன்காரர். கெட்டவர் என்று சொல்ல இப்போதும் மனசு வரவில்லை. மற்ற வாத்தியார்கள் என்னை அடிக்க வேண்டுமென்றால்கூடப் பிரம்பைத் தூரத்திலிருந்து வீசுவார்கள். இவர் என் காதைப் பிடித்துத் திருகுவார். என்னைத் தொட்டு அடித்த ஒரே வாத்தியார் என்பதால் அவர் மேல் எனக்கு ஒரு பக்தியே இருந்தது. பள்ளிக்கூடத்துத் தொண்டர் படையில் என்னைச் சேர்த்துக்கொண்டு, காக்கி நிஜாரும் கழுத்தில் கட்ட நீலத் துணியும் கொடுத்தவரும் அவரே. அந்த நிஜாரை அம்மா துவைத்து மடித்து, படுக்கும்போது தன் தலைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை காலை நிகழ்ச்சி நிரலைச் சுவரில் ஒட்டினார்கள். திங்கள் அணிவகுப்பு, செவ்வாய் பேச்சுப் போட்டி, புதன் தோட்ட வேலை, வியாழன் விளையாட்டு, வெள்ளி கிராம சேவை, சனி ஆண்டு விழா. வெள்ளிக்கு நேராக எங்கள் வளவின் பெயர் எழுதியிருந்தது. தொண்டர் படை நாற்பது பேரும் ஆளுக்கொரு சீமாற்றோடு போய் எங்கள் தெருவைக் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பள்ளிக்கூடங்களைச் சோதனை செய்கிற டிபுடி இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார். சேலத்திலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்து படம் பிடிப்பார். படித்துவிட்டுப் பையன்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பாமல் நோட்டீஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் அம்மா கடலைக்காட்டிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வெள்ளிக்கெழமெ எங்க வாத்தியாருங்க எல்லாரும் நம்ம வளவுக்கு வாராங்க."

"நம்ம வளவுக்கா? எதுக்கு சாமி?"

உன் வாசலைக் கூட்டுவதற்கு என்று எப்படிச் சொல்வது? இன்னொருத்தர் வந்து கூட்ட வேண்டுமென்றால் இவள் கூட்டுவதில்லை என்றல்லவா அர்த்தம்? விடியக்காலையில் எழுந்து, காட்டுக்குப் போகிற அவசரத்திலும் வாசலைக் கூட்டித் தெளிக்காமல் அவள் கிளம்பி நான் பார்த்ததில்லை.

"சும்மா பாத்துட்டுப் போறதுக்கு," என்றேன்.

நடந்த அத்தனைக்கும் அந்தப் பொய்தான் ஆரம்பம். அம்மா ஈர முகத்தோடு தெருவுக்கு ஓடினாள். அவள் ஓடியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வளவுக்குள் வெளியார் யாரும் கால் வைப்பதில்லை. பண்ணாடியின் ஆள் வேலைக்குக் கூப்பிட வந்தால் ஓடைக்கரைப் புளியமரத்தடியில் நின்று கத்துவான். அம்மை குத்த வருகிறவரும் எங்களைத்தான் அந்த மரத்தடிக்கு வரச் சொல்வார். இப்போது ஹைஸ்கூல் வாத்தியார்கள் அத்தனை பேரும் தெருவுக்குள் நடந்து வரப்போகிறார்கள் என்றால் சும்மா இருக்க முடியுமா?

செவ்வாய்க்கிழமை பேச்சுப் போட்டி. தலைப்பு கிராம முன்னேற்றம். எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பையன், சேரி ஜனங்கள் குளிப்பதில்லை, அவர்களைக் குளிக்க வைப்பதுதான் முன்னேற்றத்தின் முதல் படி என்று பிளந்து கட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் நான் குளிப்பதில்லை என்று நினைத்துக்கொள்வார்களோ என்று பயம்.

புதன்கிழமை மற்றவர்கள் தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது டிரில் மாஸ்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "உன் கையெழுத்துதான் அச்சடிச்ச மாதிரி இருக்கு. சேவை வார அறிக்கையை ரெண்டு நகல் எடு. ஒண்ணு இன்ஸ்பெக்டருக்கு. இன்னொண்ணை நீயே சனிக்கிழமை மேடையில படி. உன் குரல் கடைசி வரைக்கும் கேட்கும்."

மேடை என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூட மேடையில் ஏற நான் யார்? உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை நடக்கப் போவதும் அதில் நடந்து முடிந்த மாதிரியே எழுதியிருந்தது. 'குப்பையும் கூளமும் மண்டி, மூக்கைப் பொத்தாமல் நுழைய இயலாத அத்தெருவை நம் மாணவர்கள் ஒரே காலையில் தூய்மை செய்தனர். தூய்மை என்பது இன்னதென்றே அறியாத அம்மக்களுக்கு அதனைக் கற்பித்தும் வந்தனர்.'

"சார், இது இன்னும் நடக்கலீங்களே?" என்று கேட்டேன்.

"எப்படியும் நடக்கப் போறதுதானே. எழுதுடா," என்றார்.

எழுதினேன். ஒரு இடத்திலும் மை சிந்தவில்லை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அவ்வளவு அழகாக நான் அதற்குப் பிறகும் எழுதியதில்லை. மேடை ஆசை அப்படி எழுத வைத்தது. அந்த இரண்டு வாக்கியத்தை எழுதும்போது அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. வராத மாதிரி இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை விளையாட்டு. ஓட்டப் பந்தயத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், சடுகுடுவில் சேர்க்கவில்லை. சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் பாடிக்கொண்டு போனால் என்னை எவன் கட்டிப் பிடிப்பான்? எல்லாரையும் தொட்டுவிட்டு, வழியில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாக வந்துவிடலாம். ஜில்லாவிலேயே எனக்கு ஈடு இருந்திருக்காது. நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, ஆடப் போன பையன்களின் சட்டைகளைக் காவல் காத்தேன். சட்டைகளையும் தொட வேண்டாம், பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தவன் ஓடைக்கரையிலேயே நின்றுவிட்டேன். வேறு எங்கேயோ வந்துவிட்டேனா என்று சந்தேகம். முந்தின இரண்டு நாளும் நான் இருட்டின பிறகு வந்ததால் கண்ணில் படவில்லை, மூன்று நாளாக வளவே சேர்ந்து வேலை செய்திருந்தது. தெருமூலையில் கிடந்த குப்பையை எல்லாம் பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து, ஒரு பர்லாங் தள்ளி இருந்த பண்ணாடியின் எருக்குழியில் கொட்டியிருந்தார்கள். வீட்டு வீட்டுக்குச் சுவரில் செம்மண் பூசி, அடியில் சுண்ணாம்புப் பட்டை அடித்திருந்தார்கள். தெரு நெடுகச் சாணி தெளித்து மெழுகியிருந்தது. என் தம்பி தங்கை வயசுப் பிள்ளைகளைக் கால் வைக்க விடாமல் விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்று எங்கள் வாசலில் பேச்சு நடந்தது. தண்ணீர் கொடுத்தால் குடிக்கமாட்டார்கள். மோர் என்ற பேச்சே இல்லை. வாழைப்பழம் என்றால் தோலை நாங்கள் தொட்டிருப்போம். கடைசியில் அம்மாதான் சொன்னாள்: "எளநி வெக்கலாம். சீவாம முழுசா வெச்சுப்போடலாம். அவுங்க ஆளே சீவிக் குடுக்கட்டும். உள்ள இருக்கற தண்ணிய நாம தொட்டமா என்ன?" எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. நம்மிடமிருந்து எதை வாங்கினால் அவர்களுக்குக் கௌரவக் குறைவு இல்லை என்று அத்தனை பேரும் கூடி யோசித்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்து, "நாளைக்கு நீ அவுங்க கூடத்தான வருவெ சாமி?" என்று கேட்டாள். அவள் முகம் இருந்த இருப்பில் நான் ஆமாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பினோம். நாற்பது பேரும் சீமாற்றைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு, இரண்டு இரண்டு பேராக. எப்போதும் கடைசியில் போகிற என்னை அன்றைக்கு வழிகாட்ட முதலில் விட்டார்கள். டிரில் மாஸ்டர் பக்கத்தில் நடந்து வந்தார். ஹெட்மாஸ்டர் இன்ஸ்பெக்டரோடு காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. போட்டோக்காரர் தன் பெட்டியையும் முக்காலியையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வளவு முனையில் எல்லாரும் கை கூப்பி நின்றார்கள். யாரும் அன்று வேலைக்குப் போகவில்லை. "வாங்க சாமி, வாங்க," என்றாள் அம்மா. என்னைக் கூப்பிடுவதும் சாமிதான், அவர்களைக் கூப்பிடுவதும் சாமிதான். என்னைக் கூப்பிடும்போது இவ்வளவு குனியமாட்டாள். அவர்கள் தலைக்கு மேலே தெரு தெரிந்தது. ஒரு சருகு இல்லை. வாசலுக்கு வாசல் கோலம்.

டிரில் மாஸ்டர் அப்படியே நின்றார். "என்னடா இது?"

நான் சீமாற்றைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"வரப் போறோம்னு நீ சொல்லிட்டியா?"

"ஆமாங்க சார்."

"முட்டாள்! கூட்டி வெச்ச தெருவை என்னத்தைடா கூட்டறது? அறிக்கை என்ன ஆகறது? இன்ஸ்பெக்டர் கையில ஒரு நகல் போயாச்சுடா!"

எனக்கு ஒரு நிமிஷம் ஒரு அற்ப நம்பிக்கை வந்தது. சரி, தெரு சுத்தமாகத்தான் இருக்கிறது, திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிடுவார், அறிக்கையில் அந்த இரண்டு வரியை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சாலைப் பக்கம் பார்த்தார். கார் இன்னும் வரவில்லை. என் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இங்க இருந்த குப்பையை எங்கே போட்டாங்க?"

"எருக்குழியிலீங்க சார்."

"போய் நாலு கூடை அள்ளிட்டு வந்து கொட்டு. சீக்கிரம். அடுத்த வாரம் உன் காகிதம் ஹெட்மாஸ்டர் மேஜைக்குப் போகுது, தெரியுமில்லே?"

மிரட்டினார் என்று சொல்ல முடியாது. ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். மற்ற பையன்களில் எவனும் கூடை தூக்கமாட்டான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எங்கள் வீட்டுக்குள் போய்க் கூடையை எடுத்தேன். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"கூடெ எதுக்கு சாமி? எளநி வெக்கறதுக்கா?"

"சார் கேட்டாங்கம்மா," என்று ஓடினேன்.

முதல் கூடையோடு வந்தபோது போட்டோக்காரர் முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். உள்ளேயிருந்து கையை நீட்டி, "அந்த வீட்டு வாசல்ல கொட்டுப்பா. அங்கதான் வெயில் நல்லா விழுது," என்றார். அது எங்கள் வீடு. நான் கொட்டினேன். கோலத்தின் மேலேயே விழுந்தது. மாட்டுச் சாணமும் சோளத்தட்டும் அழுகின பூசணியும். ஒரு கூடை அல்ல, நாலு கூடை. கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு, படத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று காலால் பரப்பியும் விட்டேன். அதை யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தது.

பக்கத்து வீட்டு அக்கா, "அட, இவனுக்குப் பைத்தியம் புடிச்சுப் போச்சா? உங்க ஊட்டு வாசல்லயே கொட்டறானே!" என்று கத்தினாள்.

"உடுக்கா. அவுங்க சொல்லியிருப்பாங்க," என்றாள் அம்மா. அவள் என்னைப் பார்க்கவில்லை. குப்பையையும் பார்க்கவில்லை. கூப்பின கையை மட்டும் இறக்கிவிட்டாள்.

கார் வந்தது. டிபுடி இன்ஸ்பெக்டர் இறங்கி நாலு அடி நடந்து, குப்பையைக் கண்டதும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் நான் கொண்டுவந்த நாற்றம் அது. பையன்கள் குனிந்து கூட்ட, படம் எடுத்தார்கள். பிறகு அவர் எங்கள் ஜனங்களைப் பார்த்து, தினம் தெருவைக் கூட்ட வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும் என்று நிதானமாகப் புத்தி சொன்னார். அம்மாவும் மற்றவர்களும் "ஆகட்டும் சாமி, ஆகட்டும் சாமி" என்றார்கள். இளநீர்க் குலையை ஒருத்தர் காட்டியபோது ஹெட்மாஸ்டர், "நேரமாச்சு, இன்னொரு நாள் ஆகட்டும்," என்று சிரித்தார். பையன்கள் குப்பையைத் தெரு ஓரமாக ஒதுக்கினதோடு சரி, எடுத்துக்கொண்டு போகவில்லை. கார் போனதும் வேலை முடிந்துவிட்டது. சீமாறுகளை மறுபடியும் தோளில் சாய்த்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி திரும்பினோம். நானும் பாடினேன்.

முடியாது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையெழுத்து நின்றிருக்கலாம், நிற்காமலும் போயிருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. கையெழுத்து விழுந்தது, படித்தேன், சர்க்கார் உத்தியோகம் பார்த்தேன், பென்ஷனும் வாங்குகிறேன். சின்னப் பையன்தானே, என்ன செய்திருக்க முடியும் என்று என் மனைவி சமாதானம் சொல்வாள். காலால் பரப்பினதை நான் அவளிடம் சொன்னதில்லை.

சனிக்கிழமை ஆண்டு விழா. பந்தல், தோரணம், வாடகைக்கு எடுத்த நாற்காலிகள். எங்கள் வளவு ஜனங்கள் வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்க்கலாம் என்று அனுமதி. யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா மட்டும் வந்திருந்தாள். மகன் மேடை ஏறுகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், நான் சொல்லவில்லை.

என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேடையின் ஓரத்தில் நின்று படித்தேன். குரல் நடுங்கவில்லை. குப்பையும் கூளமும் என்ற இடம் வந்தபோது வேலிப் பக்கம் பார்க்காமல் காகிதத்தையே பார்த்தேன். தூய்மை இன்னதென்றே அறியாத அம்மக்கள் என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, அழுத்தம் கொடுத்துப் படித்தேன். அப்படித்தான் படிக்க வேண்டும் என்று ஒத்திகையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பந்தல் முழுக்கக் கை தட்டியது. டிரில் மாஸ்டர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். தொட்டுத் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அம்மாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். ஓடையில் இறங்கும்போதுதான் அவள் கேட்டாள்.

"ஏஞ்சாமி, நீ படிச்சது பூராவும் நம்ம வளவப் பத்தித்தானா?"

"ஆமாம்மா."

"நடந்தது எல்லாமே எழுதியிருக்குதா அதுல?"

"எழுதியிருக்கு."

"குப்பெயக் கொண்டாந்து நம்ம வாசல்ல கொட்டுனது?"

"அது இல்லம்மா."

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"போச்சாது உடு. எழுதியிருந்தா உம் பேருதான அதுல வந்திருக்கும்."

வீட்டுக்குப் போனதும் களியும் கீரையும் போட்டாள். பசியாக இருந்தது. சாப்பிட்டேன்.